இனிப்பு தெரியாத ஒரு மணி நேரம்

மருந்துக் கம்பெனியில் அவளுக்கு நாக்கம்மா என்று பெயர். சம்பளப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். இருபத்திரண்டு வருடமாக அங்கே அவள் வேலை ருசி பார்ப்பது. மூலிகை மூட்டை வந்து இறங்கினால் ஒரு இலையைக் கிள்ளி மென்று பார்ப்பாள். கஷாயம் கொதித்து இறங்கினால் ஒரு கரண்டி வாயில் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, சுற்றி நிற்பவர்களைக் கொஞ்சம் தவிக்க விட்டு, அப்புறம்தான் "சரி" என்பாள். அவள் சீட்டில் கையெழுத்துப் போடாமல் ஒரு சொட்டு பாட்டிலுக்குள் போகாது.

கம்பெனிக்கு முதலாளியும் வைத்தியரும் ஒரே ஆள். மருந்தைச் சோதிக்க ஒரு கருவி வாங்கலாமே என்று அவருடைய மகன் ஒரு நாள் கேட்டதற்கு, "நாக்கம்மா இருக்கும்போது கருவி எதுக்குடா" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அதை அவள் தன் அக்காவிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறாள், மூன்று தடவையும் அன்றுதான் நடந்த மாதிரி.

அவளுக்கு அவளே போட்டுக்கொண்ட சட்டம் ஒன்று உண்டு. சிறுகுறிஞ்சான் இலையைச் சாயங்காலம்தான் தொடுவாள், எல்லா வேலையும் முடிந்த பிறகு. அது வேலியில் படரும் சாதாரணக் கொடி. சின்னச் சின்னதாக மஞ்சள் பூ கொத்துக் கொத்தாக இருக்கும். பார்ப்பவர்கள் இரண்டாம் தடவை பார்க்க மாட்டார்கள். ஆனால் சர்க்கரை வியாதிக்கு வைத்தியர் முதலில் எடுப்பது அதைத்தான். சர்க்கரைக்கொல்லி என்று இன்னொரு பெயரும் அதற்கு உண்டு, சும்மா வைத்த பெயர் இல்லை. இரண்டு இலையை மென்றுவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் போட்டால் மணலைப் போட்ட மாதிரி இருக்கும். தேனை விட்டாலும் இனிக்காது. இலை அசல்தானா என்று பார்க்க அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஆனால் பார்த்துவிட்டால் அப்புறம் முக்கால் மணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம்கூட, நாக்கு இனிப்பை அடியோடு மறந்துவிடும். அதனால்தான் சாயங்காலம்.

அன்று காலை பத்து மணி ஆவதற்குள் அந்தச் சட்டத்தை அவளே உடைத்தாள். காரணம் அக்கா.

அக்கா அவளைவிட ஆறு வயது மூத்தவள். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை வாரிவிட்டு, சண்டை போட்டு, காப்பாற்றி, கல்யாணம் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தவள். இப்போது சர்க்கரை ஏறி, இடது கால் விரலில் ஒரு புண் மூன்று மாதமாக ஆறாமல் கிடக்கிறது. சர்க்கரை இறங்கவில்லை என்றால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அங்கே கொடுத்த மாத்திரையோடு, பத்துத் தெரு தள்ளி இருக்கும் கிளை வைத்தியசாலைக்குப் போய்க் கஷாயமும் குடித்து வருகிறாள். நாற்பத்தெட்டு நாள் மருந்து. இருபத்துமூன்று பேர் வெறும் வயிற்றோடு வந்து பெஞ்சில் உட்கார வேண்டும். முதலில் சிறுகுறிஞ்சான் பொடி, நாக்கில் ஒட்ட வைத்து மெதுவாக விழுங்க வேண்டும். கால் மணி கழித்து, சரியாகப் பதினொரு மணிக்கு, கஷாயம்.

அன்றைக்கு நாற்பத்தாறாவது நாள். முந்தின நாள் அக்கா ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். வெறும் வயிற்றிலேயே இருநூற்று எண்பது. ஒரு புள்ளி இறங்கவில்லை.

நாக்கம்மா ராத்திரி முழுக்க அந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள். மருந்து கேட்கவில்லை என்றால் இலை கெட்டது. இலை கெட்டது என்றால் அதற்குச் சரி சொன்னவள் கெட்டாள். வேறு ஏதாவது இலையை மூலிகைக்காரர் கலந்து கொடுத்து, நான் கோட்டை விட்டுவிட்டேனோ என்று திரும்பத் திரும்ப யோசித்தாள்.

காலையில் மூலிகைக்காரர் புது மூட்டையோடு வந்தபோது அவளால் சாயங்காலம் வரை பொறுக்க முடியவில்லை.

"பூவோட கொண்டாந்திருக்கேன், நீங்களே பாருங்க," என்று அவர் ஒரு கொடியை உருவிக் காட்டினார்.

"பூவைப் பார்த்து யாருக்கு என்ன ஆகணும்," என்று சொல்லி நாலு இலையை ஒன்றாக வாயில் போட்டு அரைத்தாள். கசந்தது. மேசையில் இருந்த டப்பாவிலிருந்து சர்க்கரையை எடுத்து நாக்கில் வைத்தாள். மணல். அசல் இலைதான். பழைய மூட்டையிலிருந்தும் இரண்டு இலை எடுத்து மென்றாள். அதுவும் அசல்.

"என்னம்மா, நம்ம மேல சந்தேகமா," என்றார் அவர்.

அவள் மூட்டையைக் கட்டி ஓரமாகத் தள்ளினாள். இலை கெட்டிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இலை நல்ல இலை, மருந்து நல்ல மருந்து, பிறகு ஏன் அக்காவுக்கு மட்டும் கேட்கவில்லை? மனசு முழுக்க அந்தக் கால் விரலே நின்றது.

அப்போதுதான் கொதிக்கிற கூடத்திலிருந்து கொப்பரைக்காரர் கூப்பிட்டார். அங்கே இரண்டு கொப்பரையில் கஷாயம் ஆறிக்கொண்டிருந்தது. ஒன்று சர்க்கரைக்காரர்களுக்கு. இன்னொன்று ஆடாதோடை போட்ட இருமல் கஷாயம். அதில் வெல்லப்பாகு சேர்ந்திருக்கும். ராத்திரி வேலைக்காரர் காய்ச்சிப் பாகும் ஊற்றிவிட்டு, எது எதுவென்று சிலேட்டில் எழுதி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஆவி அடித்து இரண்டு சிலேட்டும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தன. இரண்டு கஷாயமும் ஒரே கறுப்பு. மூன்றாவது அடுப்பில் லேகியத்துக்கு வெல்லம் கொதித்துக்கொண்டிருந்ததால் கூடம் முழுக்க வெல்ல வாசனை. மூக்கை நம்பிப் பிரயோஜனம் இல்லை.

"ராத்திரி ஆளு போனை அணைச்சிட்டுத் தூங்குறான். நீங்க சொல்லிட்டா ஊத்திடுவேன். கிளைக்கு வண்டி நிக்குது," என்றார்.

இடது பக்கக் கொப்பரையிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டாள். கசப்பு. இனிப்பு துளியும் இல்லை.

"இதுதான் சர்க்கரைக்கு. அப்ப அது இருமலுக்கு," என்றாள். வலது கொப்பரையைத் தொடவில்லை. இது அதுவென்றால் அது இதுதானே. சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் ஆயிரம் தடவை செய்த வேலை.

அரை மணி கழித்து டீக்காரர் வந்தார். அவளுக்கு எப்போதும் இரண்டு கரண்டி சர்க்கரை. ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"சர்க்கரை போட மறந்துட்டீங்களா?"

"போட்டேனே."

"போடல."

டீக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. பதினைந்து வருடமாக டீ போடுகிறவர். "உங்களுக்குன்னு தனியா கலக்கினேம்மா. வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடத்தான் போட்டிருக்கேன். முகம் வாடியிருந்துச்சேன்னு."

அவள் டம்ளரைப் பார்த்தாள். அடியில் கரையாத சர்க்கரை கிடந்தது. டம்ளரை மேசையில் வைத்தாள்.

இந்த நாக்கோடுதானே அந்தக் கரண்டியை வாயில் விட்டேன்.

டீக்காரரை இழுக்காத குறையாகக் கூடத்துக்குக் கூட்டிப் போனாள். இடது கொப்பரை காலியாகிக் கழுவிக் கவிழ்த்திருந்தது. பாட்டில்கள் வண்டியில் போய் இருபது நிமிடம் ஆகிவிட்டது. வலது கொப்பரை பாட்டிலுக்குப் போகாமல் நிறைந்தபடியே இருந்தது.

"இதை ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. இனிக்குதா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. தயவுசெஞ்சு."

அவர் பயந்து பயந்து ஒரு கரண்டி குடித்தார். "இனிக்குது," என்றார். "கசப்புதான், ஆனா நல்லா இனிக்குது."

போன உயிர் திரும்பி வந்தது. இது இனிக்கிறது என்றால் இதுதான் இருமல் கஷாயம். அப்படியானால் அனுப்பியது சரியான மருந்து. நாக்கு செத்திருந்தாலும் வாய்ச்சொல் பலித்துவிட்டது. அவள் சுவரில் சாய்ந்தாள். சிரிப்பு வந்தது.

"இனிக்காம என்ன," என்றார் கொப்பரைக்காரர், துடைத்துக்கொண்டே. "இப்பத்தான் ஒரு டின் தேன் ஊத்தினேன். இருமல் மருந்துன்னா பாட்டிலுக்கு முன்னாடி தேன் விடணும்ல. நீங்க சொன்ன பிறகுதான் விட்டேன்."

நாக்கம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் வாக்கை நம்பித் தேனை ஊற்றியிருக்கிறார். முன்னால் அது கசப்பாக இருந்ததா, வெல்லத்தோடு இருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அனுப்பிய பாட்டிலில் வெல்லப்பாகு இருக்கலாம். அதைத்தான் இருபத்துமூன்று பேரும் வெறும் வயிற்றில், ஆளுக்கு ஒரு டம்ளர், மருந்தென்று நம்பிக் குடிக்கப் போகிறார்கள். அக்காவும் குடிப்பாள். குடிக்கும்போது ஒருத்தருக்கும் தெரியாது. பொடியைப் போட்ட நாக்கு எல்லாம் இப்போது அவள் நாக்கு மாதிரிதானே இருக்கும்.

மணி பத்து ஐம்பத்தொன்று. வைத்தியர் வெளியூரில் இருந்தார். அவர் போனில் மணி அடித்து அடித்து நின்றது. கிளைக்குப் போன் போட்டாள். கம்பவுண்டர் எடுத்தார், ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தன் பாட்டுக்கு டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டது.

"தம்பி, இன்னைக்கு வந்த பாட்டிலைக் குடுக்காதீங்க."

"ஊத்தியாச்சேம்மா. ஆளுக்கொரு டம்ளர் கையில இருக்கு. மணி அடிச்சா குடிக்க வேண்டியதுதான்."

"நிறுத்துங்க. அதுல வெல்லம் இருக்குமோன்னு சந்தேகமா இருக்கு."

"வெல்லமா? நான் வாயில விட்டுப் பார்த்தேனே. சுத்தக் கசப்பு. இனிப்புன்னு பேச்சே இல்லை."

மறுபடியும் ஒரு நொடி அவளுக்கு மூச்சு வந்தது. அடுத்த நொடி கேட்டாள். "தம்பி, நீங்க பொடி போட்டுக்கிட்டீங்களா?"

"தினமும் போடுவேனே. நான் போட்டுக் காட்டினாத்தான் இவங்க போடுவாங்க. இல்லைன்னா ஆயிரம் நொண்டிச்சாக்கு."

"அப்ப உங்களுக்கு எப்படி இனிக்கும்? யாராவது வெளி ஆளைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்லுங்க."

கம்பவுண்டர் பொறுமையான ஆள்தான், ஆனால் அவருக்கும் வேலை இருந்தது. "ரோட்டுல போறவனைக் கூப்பிட்டு மருந்து குடின்னா சொல்ல முடியும்? பாருங்கம்மா, இன்னைக்கு நாற்பத்தாறு. ஒரு நாள் தவறினா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்னு இவங்ககிட்ட நான்தான் சொல்லி வச்சிருக்கேன். இப்ப நிறுத்தினா என்னைப் பிச்சுத் தின்னுடுவாங்க. பெட்டியில சீட்டு இருக்கு, அதுல உங்க கையெழுத்து இருக்கு. அதைவிட எனக்கு வேற என்ன வேணும்? சந்தேகமா, நிச்சயமா? நிச்சயம்னு சொல்லுங்க, இப்பவே கொட்டிடுறேன்."

நிச்சயம் என்று சொல்ல அவளிடம் என்ன இருந்தது? ஒன்றும் இல்லை. அவள் சொன்னால் வேதவாக்கு என்று இத்தனை வருடம் பழக்கி வைத்ததும் அவள்தான். இப்போது அந்தக் கையெழுத்தே அவள் வாயை அடைத்தது. பின்னால் கொப்பரைக்காரரும் டீக்காரரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கட்டும் என்று தோன்றியது.

"அந்தக் கையெழுத்தை நம்பாதீங்க," என்றாள். குரல் உடைந்தது. "நான் தப்புப் பண்ணிட்டேன். காலையில இலையை மென்னுட்டு, செத்த நாக்கோட ருசி பார்த்தேன். இனிப்பு இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. எல்லாரும் கேட்டுக்குங்க, நான் பார்த்தது செல்லாது. என் கூடப்பிறந்தவ அங்க உட்கார்ந்திருக்கா. அவ கால் விரல் போயிடும். கொட்டிடுங்க தம்பி."

அந்தப் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. யாரோ ஒரு பெரியவர், "நாற்பத்தஞ்சு நாள் பட்டினி கிடந்தது வீணா," என்று சத்தம் போட்டார். கம்பவுண்டர் என்னவோ சமாதானம் சொன்னார். சுவர்க் கடிகாரம் பதினொன்று அடிக்க ஆரம்பித்தது. போன் வழியாக ஒவ்வொரு அடியும் கேட்டது.

மூன்றாவது அடிக்கு ஒரு பெண்குரல் வந்தது. "யாரும் குடிக்காதீங்க. இது இனிக்குது."

அக்காவின் குரல்.

"நீங்களும் பொடி போட்டுக்கிட்டுத்தானே உட்கார்ந்திருக்கீங்க," என்றார் கம்பவுண்டர். "உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

கடிகாரம் அடித்து முடித்தது. நாக்கம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நான் போடல," என்றாள் அக்கா. "முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கேன். இதோ பாருங்க. வாயில போடுற மாதிரி காட்டிட்டு இதுல தட்டிடுவேன். இப்ப மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு வாய் குடிச்சுப் பார்த்தேன். பாகு மாதிரி இனிச்சுது. சரி, இன்னைக்கு நமக்கு யோகம்தான்னு சும்மா இருந்துட்டேன். முழுசும் குடிச்சிருப்பேன். அவ அழுததைக் கேட்ட பிறகு முடியல."

பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்டது. டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தொட்டியில் கவிழ்க்கும் சத்தமும் கேட்டது. இருபத்துமூன்றையும் நாக்கம்மா எண்ணினாள்.

பிறகு போன் அக்கா கைக்குப் போயிற்று.

"எத்தனை நாளா?" என்றாள் நாக்கம்மா.

"முதல் நாள்லேர்ந்து."

"ஏன்?"

"இங்கேர்ந்து திரும்பிப் போற வழியில ஒரு டீ குடிப்பேன்டி. சர்க்கரை போட்டு. ஒரே ஒரு டீ. அந்தப் பொடியைப் போட்டா அது வெந்நீர் மாதிரி ஆயிடுது. இந்த வயசுல எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதானே." கொஞ்சம் நிறுத்தினாள். "கோவமாடி?"

கோபம் வராமல் என்ன? ராத்திரி முழுக்க அவள் தூங்காத தூக்கம், காலையில் மென்ற இலை, உடைத்த சட்டம், இத்தனை பேர் முன்னால் போன மானம், எல்லாம் அந்த முந்தானை முடிச்சில்தான் இருந்தது. அந்த முடிச்சு இல்லையென்றால் மருந்து கேட்டிருக்கும், அவளும் இலையைக் காலையில் மென்றிருக்க மாட்டாள். ஆனால் மென்ற பிறகு இருபத்துமூன்று பேரைக் காப்பாற்றியதும் அதே முடிச்சுதான். அவளுக்குத் திட்டவும் வாய் வரவில்லை, கொஞ்சவும் வாய் வரவில்லை. "வீட்டுக்கு வர்றேன்," என்று மட்டும் சொல்லி வைத்தாள். டீக்காரர் ஆறிப்போன டம்ளரை எடுத்துக்கொண்டு போனார்.

வைத்தியர் மறுநாள் வந்தார். எல்லாவற்றையும் அவளே சொன்னாள், ஒன்றையும் விடவில்லை. வலது கொப்பரையில் இருந்ததையும் கொட்டச் சொன்னாள். கருவி வாங்கலாம் என்று இந்தத் தடவை முதலில் சொன்னதும் அவள்தான். வைத்தியர் தலையாட்டினார். ஒரு நாள் விட்டால் உடம்பு ஒன்றும் கோபித்துக்கொள்ளாது, மற்றவர்கள் விட்ட இடத்திலிருந்தே குடிக்கலாம் என்றார். கம்பவுண்டர் அவராகக் கட்டிவிட்ட கதைதான் அந்த முதலிலிருந்து ஆரம்பிப்பது. அக்காவுக்கு மட்டும் அது முதல் நாள்.

அன்று பத்தே முக்காலுக்கு நாக்கம்மா கிளை வைத்தியசாலையின் பெஞ்சில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். பொடியைத் தன் கையாலேயே எடுத்தாள்.

"வாயைத் திற."

அக்கா திறந்தாள். நாக்கில் பொடியை வைத்து, மேல் அண்ணத்தில் ஒட்டச் சொல்லி, விழுங்கும் வரை பார்த்தாள். அப்புறம் நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும் பார்த்தாள். அக்கா முறைத்தாள். சின்ன வயசில் வேப்பெண்ணெய் கொடுத்துவிட்டு இவள் வாயை அப்படித்தான் அவள் சோதித்திருக்கிறாள்.

"நாற்பத்தெட்டு நாளும் வருவியா?"

"வருவேன். உனக்கு இல்லாத டீ எனக்கும் வேணாம்." நாக்கம்மா இன்னொரு சிட்டிகையை எடுத்துத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள்.

அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பொடி பெஞ்சில் சிந்தியது.

"நீ போட்டுக்காதடி," என்றாள். "ஒரு நாக்காவது நல்லா இருக்கட்டும்."